அம்மாவுக்கு ஓவர்லாக் மட்டும்தான் தெரியும்

என் அம்மா 26 வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைக்கிறாள். அவளுக்கு ஒரு பனியன் தைக்கத் தெரியாது.

இதைச் சொன்னால் வெளியூர் நண்பர்கள் நக்கல் பண்ணுகிறேன் என்று நினைக்கிறார்கள். உள்ளதைத்தான் சொல்கிறேன். அம்மா ஓவர்லாக் டெய்லர். முன் துண்டையும் பின் துண்டையும் தோளில் சேர்ப்பாள், பக்கவாட்டில் சேர்ப்பாள். அவ்வளவுதான். துணியை வெட்டுவது கட்டிங் மாஸ்டர். கையையும் அடியையும் மடித்து அடிப்பது பேட்லாக் மெஷினில் இருப்பவர். லேபிள் வைப்பது சிங்கர் டெய்லர். பிசிறு வெட்டுவது, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, அயர்ன் போடுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் வேறு வேறு ஆட்கள். போன வருடம் அண்ணி தன் மகளுக்கு ஒரு கவுன் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டபோது அம்மா கூச்சத்தோடு சிரித்தாள். "எனக்கு வெட்டத் தெரியாதும்மா. தெருமுனை டெய்லர்ட்ட குடுத்துரு." லட்சக்கணக்கான பீஸ்களைத் தொட்ட கை சொன்ன பதில் அது.

திருப்பூருக்கு வந்திருந்தால் கம்பெனி கேட்டுகளில் தொங்கும் போர்டைப் பார்த்திருப்பீர்கள். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங், கைமடி ஆட்கள் தேவை. துணி தைக்கத் தெரிந்தவர் தேவை என்று எந்த போர்டிலும் நான் பார்த்ததில்லை. முழுத்துணி தெரிந்த ஆளுக்கு அங்கே வேலை இல்லை.

2025 செப்டம்பர் முதல் சனிக்கிழமை. வாரச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்த கான்ட்ராக்டர், "அக்கா, திங்கக்கெழம வர வேண்டாமுங்க. சரக்கு வந்தொடனே நானே போன் பண்றனுங்க" என்றார். மரியாதையான மனிதர்தான், குரலில் வருத்தமும் இருந்ததாம். போன் ஏழு வாரம் வரவில்லை. நடுவில் தீபாவளி வந்து போனது. செவ்வாய்க்கிழமை தோறும் வரும் குழுக்கடன்காரர் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அவருக்கு ஆர்டர் நிற்பதில்லை.

அந்த ஏழு வாரமும் என் போனில் பொருளாதாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம், யூடியூபில் கோட் போட்ட அண்ணன்கள்: சுதந்திர வர்த்தகத்தால் எல்லா நாடும் லாபம் அடையும், இது நிரூபிக்கப்பட்ட உண்மை, வரி போடுகிற டிரம்ப்புக்குப் பொருளாதாரம் தெரியாது. இன்னொரு பக்கம், தேசியக்கொடி டிபி வைத்த அண்ணன்கள்: அந்நியனை நம்பினால் இப்படித்தான், சுதேசிக்குத் திரும்புவோம். எனக்கு இரண்டு தரப்பின் மீதும் கோபம். இரண்டு பேரும் "நாடு, நாடு" என்றே பேசினார்கள். ஏழு வாரச் சம்பளத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

*

கோட் போட்ட அண்ணன்களின் பாடத்தை நானும் படித்தவள்தான். பி.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருடம். எங்கள் பேராசிரியர் எல்லாப் பேராசிரியர்களும் சொல்லும் அதே உதாரணத்தைச் சொன்னார். ஊரிலேயே சிறந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், அவர் டைப் அடிப்பதிலும் கெட்டிக்காரர். ஆனாலும் டைப் அடிக்க ஆள் வைத்துக்கொண்டு, அவர் கேஸ் மட்டும் பார்ப்பதுதான் இருவருக்கும் லாபம். வகுப்பே தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

இந்தக் கருத்தின் மூலவர் டேவிட் ரிக்கார்டோ. 1817-இல் வந்த அவருடைய நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் ஒரு வருடத்துக்கு 100 பேர் வேண்டும், போர்ச்சுகலில் 90 பேர் போதும். திராட்சை மதுவுக்கு இங்கிலாந்தில் 120 பேர், போர்ச்சுகலில் 80 பேர். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. இருந்தாலும் அது மதுவை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரண்டு நாட்டுக்கும் ஆதாயம். கணிதமேதை ஸ்டானிஸ்லாவ் உலாம் ஒருமுறை பால் சாமுவெல்சனிடம், சமூக அறிவியலில் உண்மையாகவும் இருந்து, சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்ததாகவும் இல்லாத ஒரு கருத்தைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சவால் விட்டாராம். சாமுவெல்சன் பல வருடம் யோசித்துக் கடைசியில் தந்த பதில் ரிக்கார்டோவின் இந்தக் கணக்கு.

கணக்கு சரி. நான் அதில் குற்றம் சொல்லவில்லை. இருபது தடவை போட்டுப் பார்த்தாலும் விடை அதேதான் வரும். என் சண்டை, கணக்கில் வரும் "போர்ச்சுகல்" என்ற சொல்லோடு. போர்ச்சுகல் ஓர் ஆளா? துணியை விட்டுவிட்டு மதுவுக்கு மாறுவது போர்ச்சுகலா, இல்லை அந்த 90 பேரா? புத்தகத்தில் அந்த மாற்றம் ஒரு வரியில் முடிகிறது. நெசவுத்தறியில் இருபது வருடம் உட்கார்ந்தவன் திங்கட்கிழமை காலையில் திராட்சைத் தோட்டத்துக்குப் போய் நிற்கிறான். தோட்டம் எத்தனை மைல்? அங்கே இவனைச் சேர்த்துக்கொள்வார்களா? இடைப்பட்ட வாரங்களில் அவன் வீட்டில் உலை வைத்தார்களா? வக்கீல் உதாரணமும் அப்படித்தான். வக்கீல் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றைக்கு டைப்பிஸ்ட் என்ன செய்தார் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

பொருளாதார அறிஞர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1939-இல் நிக்கோலஸ் கால்டர் இதற்கு ஒரு வழி சொன்னார். வர்த்தகத்தால் லாபம் பெற்றவர்கள், நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் கையில் மிச்சம் நிற்கும் என்றால் அந்த மாற்றம் நல்லதுதான். சரி, ஈடு கொடுக்கிறார்களா? அது அரசியல்வாதிகள் முடிவு செய்ய வேண்டிய விஷயம், பொருளாதாரத்தின் வேலை அல்ல என்று விட்டுவிட்டார்கள். "கொடுக்க முடியும்" என்பதற்கும் "கொடுத்தார்கள்" என்பதற்கும் நடுவில் என் அம்மாவின் ஏழு வாரம் கிடக்கிறது. ஏட்டுச் சுரைக்காயை நறுக்கிக் குழம்பு வைத்தவர் யாராவது உண்டா?

ரிக்கார்டோவை நான் அவ்வளவு சீக்கிரம் திட்டமாட்டேன். அவரை மேற்கோள் காட்டுகிற பலரைவிட அவர் நேர்மையானவர். தன் கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார்: முதல் போட்டவர்கள் சொந்த நாட்டை விட்டுச் சுலபமாக வெளியே போகமாட்டார்கள், அந்தத் தயக்கம் குறைந்தால் தனக்கு வருத்தமே என்று. 1821-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இயந்திரங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்து, இயந்திரம் தொழிலாளிக்குக் கேடு செய்யவும் கூடும், முன்பு தான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். இன்று அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது? ஆர்டருக்கு பாஸ்போர்ட் வேண்டாம். ஒரு மெயிலில் திருப்பூரை விட்டு டாக்காவுக்குப் போய்விடும். அம்மாவால் பல்லடத்துக்குக்கூட வேலை மாற்றிக்கொண்டு போக முடியாது. பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது யார்?

ஆடம் ஸ்மித்தும் அப்படித்தான். 1776-இல் அவர் எழுதிய குண்டூசிப் பட்டறை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. வேலையைப் பதினெட்டுக் கூறாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிக்கு மேல் செய்யலாம். ஆனால் அதே நூலின் ஐந்தாம் பகுதியில், ஒன்றிரண்டு எளிய காரியத்தையே ஆயுசு முழுக்கச் செய்கிறவன் மனிதன் எவ்வளவு மழுங்க முடியுமோ அவ்வளவு மழுங்கிப்போவான், அதைத் தடுப்பது அரசின் கடமை என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி எங்களுக்கு சிலபஸில் இல்லை.

அவருக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன். அம்மா மழுங்கவில்லை. வரும் துணியின் கனத்தைத் தொட்டுப் பார்த்தே இது வெயில் காலத்துக்கா குளிர் காலத்துக்கா, எந்த ஊர்க்காரனுக்குப் போகிறது என்று சொல்லிவிடுவாள். லேபிளில் இருக்கும் விலையை ரூபாய்க்கு மாற்றி, தனக்கு வரும் பீஸ் ரேட்டோடு வைத்துப் பார்க்கவும் தெரியும். மழுங்கியது அவள் புத்தி இல்லை. வேறு வேலைக்குப் போகும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

*

அடுத்து, "திருப்பூருக்கு இயற்கையாகவே அமைந்த அனுகூலம்" என்கிறார்களே, அதற்கு வருவோம். மழை போல, மண் போல அது தானாக வந்ததாம்.

இங்கிலாந்தின் துணிக்கே அந்த அனுகூலம் தானாக வரவில்லை. நம் ஊர்க் கரைகளிலிருந்து போன அச்சிட்ட பருத்தித் துணிக்கு அங்கே பெண்கள் பைத்தியமாய் இருந்த காலம் ஒன்று இருந்தது. 1700-இல் சட்டம் போட்டு அதன் இறக்குமதியைத் தடுத்தார்கள். 1721-இல் இன்னொரு சட்டம் போட்டு அதை உடுத்துவதையே தடுத்தார்கள். அந்தத் தடை 1774 வரை இருந்தது. அந்த வேலிக்குள்தான் லங்காஷயர் பருத்தித் தொழில் பிள்ளைநடை பழகியது. வளர்ந்து வாலிபமான பிறகு, வேலி பாவம் என்று உலகத்துக்கு உபதேசம் செய்தார்கள். ஏறியாகிவிட்டது, இனி ஏணி எதற்கு என்ற கணக்கு. 1817-இன் உதாரணத்தில் இங்கிலாந்து "இயல்பாக" துணி செய்கிறது, போர்ச்சுகல் "இயல்பாக" மது செய்கிறது. அந்த இயல்புக்குப் பின்னால் 1703-இல் கையெழுத்தான மெத்துவன் ஒப்பந்தம் இருந்தது. அரசுகள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட இயல்பு அது.

திருப்பூரின் அனுகூலத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால், முதலில் நொய்யலைச் சொல்ல வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு. ஏற்றுமதி பெருக ஆரம்பித்த 1980-களிலிருந்து சாயப்பட்டறைக் கழிவு அதில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனது. கீழ்க்கரை விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருடக்கணக்காக நடந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எழுநூற்றுச் சொச்சம் சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயம்தான். ஆனால் அப்போதும் அம்மாவுக்குப் பல வாரம் வேலை இல்லை. ஆற்றைக் கெடுத்ததில் அவளுக்கு ஒரு பைசா பங்கில்லை, ஆற்றைக் காப்பாற்றியபோது மட்டும் பங்கு கேட்டார்கள். ஐரோப்பாவில் மலிவாக விற்ற அந்தச் சட்டைகளின் விலையில் ஒரத்துப்பாளையம் சேர்ந்திருந்ததா? சேர்ந்திருந்தால் அந்த விலைக்கு விற்றிருக்க முடியுமா?

இரண்டாவது, ஆட்கள். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். மானாவாரி பொய்த்து, ஒரு தகரப் பெட்டியோடு 1999-இல் வந்தோம். இன்று அம்மாவுக்குப் பக்கத்து மெஷினில் பீகார்ப் பையன். எங்கள் ஊர் வறட்சி, அவன் ஊர் வறுமை. இவையும் "அனுகூலம்" என்ற கணக்கில்தான் வருகின்றன. எவனுக்கு வேறு வழி இல்லையோ அவன் குறைந்த ரேட்டுக்கு வருவான் என்பதற்குக் கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, கடல் தாண்டி எழுதப்படும் சட்டங்கள். 1974 முதல் 2004 முடிய, எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன. திருப்பூரின் பழைய முதலாளிகளைக் கேட்டால் கோட்டா வாங்கி விற்ற கதைகளை ராத்திரி முழுக்கச் சொல்வார்கள். பிறகு ஐரோப்பா, மிக ஏழை நாடுகளுக்கு வரியில்லை என்று 2001-இல் அறிவித்தது. வங்கதேசச் சட்டை வரியில்லாமல் போனது, திருப்பூர்ச் சட்டைக்குச் சுமார் பத்து சதவீதம் வரி இருந்தது. டாக்காவில் தையல் வேகம் கூடியதாலா இது நடந்தது?

கடைசியாக 2025 ஆகஸ்ட். இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது என்று காரணம் சொல்லி, அமெரிக்கா 25 சதவீத வரியோடு இன்னொரு 25-ஐச் சேர்த்தது. 27-ஆம் தேதியிலிருந்து 50. அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20, பாகிஸ்தானுக்கு 19. அம்மாவின் கை வேகம் 26-ஆம் தேதியும் 28-ஆம் தேதியும் ஒன்றுதான். ஊசியும் நூலும் அதேதான். எண்ணெய்க் கப்பல் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இரண்டு நாளில் அவளுடைய "அனுகூலம்" காணாமல் போனது. இப்படி ஒரு வரி இறங்கலாம், இன்னொன்று ஏறலாம். அதுவல்ல என் கவலை. ஒரு கையெழுத்தில் வந்து ஒரு கையெழுத்தில் போவதை இயற்கை என்று எனக்குப் பாடம் நடத்தாதீர்கள் என்பதுதான்.

*

இப்போது கொடிக்கார அண்ணன்கள் எழுந்து, "பார்த்தாயா, நாங்கள் சொன்னோமே" என்பார்கள். கொஞ்சம் உட்காருங்கள்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கன்னாபோலிஸ் என்று ஓர் ஊர். துண்டும் படுக்கை விரிப்பும் செய்யும் ஆலையைச் சுற்றியே எழும்பிய ஊர் அது. 2003 ஜூலை 30 அன்று ஆலை மூடியது. 4,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். பல பேருக்கு அந்த ஆலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவர்களுடைய அம்மாவும் பாட்டியும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அந்தத் துண்டுகள் இன்று எங்கிருந்தெல்லாம் போகின்றன? நம் கரூரிலிருந்தும் போகின்றன. கன்னாபோலிஸ் பெண்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே கை கட்டி நின்றார்கள். அம்மாவிடம் காட்டினேன். போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "எந்த ஊரா இருந்தா என்னடி, கேட்டுக்கு வெளிய நின்னா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்" என்றாள்.

டேவிட் ஆட்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சீன இறக்குமதியின் விளைவை ஊர் ஊராக அளந்தார்கள். 1999 முதல் 2011 வரை அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலைகள் அதனால் போயின என்பது அவர்கள் மதிப்பீடு. வேலை போன ஊர்களில் ஆட்கள், பாடப்புத்தகம் சொன்னதுபோல, வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ சட்டென்று மாறவில்லை. அங்கேயே கிடந்து நொடித்தார்கள். வர்த்தகத்தால் வேலை இழந்தவருக்கு உதவ அமெரிக்கா 1962-இலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. போதாத திட்டம்தான். அதையும் 2022-இல் காலாவதியாக விட்டுவிட்டார்கள். ஈடு கொடுக்காத கடனுக்குத்தான் இன்று வரி என்ற பெயரில் வட்டி வசூலாகிறது. நொடித்துப்போன ஊர்க்காரனின் கோபத்தை ஓட்டாக மாற்றிக்கொண்டவர், அந்தக் கோபத்தை என் அம்மாவின் பக்கம் திருப்பி விட்டார். கன்னாபோலிஸ் பெண்ணுக்குப் போன வேலை திரும்பவில்லை. இங்கே அம்மாவுக்கும் வேலை நின்றது. இரண்டு பக்கமும் நஷ்டம், இடையில் யாருக்கு லாபம்?

ஆகவே சுதேசி அண்ணன்களே, வேலி போட்டுவிட்டால் தொழிலாளிக்கு விடிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. உள்நாட்டுச் சரக்குத் தைக்கும் கம்பெனிகளிலும் அம்மா தைத்திருக்கிறாள். அங்கே பீஸ் ரேட் குறைவு, பி.எஃப். கிடையாது, கழிப்பறைக்குப் போனால் முறைப்பு வேறு. முதலாளி நம்மூர்க்காரர் என்பதால் ஊசி விரலில் ஏறாமல் இருப்பதில்லை.

*

எனக்கு எதிரே வைக்கப்படும் வாதங்களில் பலமானது ஒன்று உண்டு. ஏற்றுமதி இல்லாவிட்டால் உன் அம்மா உசிலம்பட்டியில் களை வெட்டிக்கொண்டிருப்பாள், நீ பி.ஏ. படித்திருக்கமாட்டாய், இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவும் மாட்டாய்.

ஒத்துக்கொள்கிறேன். முழுசாக ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை தோறும் அவள் கைக்குக் காசு வந்ததால்தான் குடித்துவிட்டு வந்த அப்பாவை எதிர்த்து அவளால் பேச முடிந்தது. என் காலேஜ் பீஸ் அந்த ஓவர்லாக் மெஷினிலிருந்து வந்தது. களை வெட்டிய கை என்பதால் அவளுக்கு அந்த வித்தியாசம் என்னைவிட நன்றாகத் தெரியும். வர்த்தகம் வேண்டாம் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் இந்த வாதத்தின் தந்திரத்தைப் பாருங்கள். பழைய பஞ்சத்தைக் காட்டி இப்போதைய பாக்கியை அடைக்கப் பார்க்கிறார்கள். முன்பு பட்டினி கிடந்தாய், இப்போது சாப்பிடுகிறாய், அதனால் கூலி பற்றிப் பேசாதே. இந்த நியாயத்தை முதலாளிக்குச் சொல்வார்களா? ஒரு தறியோடு தொடங்கியவர்தானே நீங்கள், இந்த வருடம் லாபம் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள் என்று?

இன்னொரு வாதம்: கூலி கேட்டால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும். திருப்பூரில் டாக்காவைச் சொல்லி மிரட்டுகிறார்கள் என்றால், டாக்காவில் எந்த ஊரைச் சொல்லி மிரட்டுவார்கள் என்று யோசியுங்கள். அந்தப் போட்டியின் கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று 2013 ஏப்ரல் 24 அன்று பார்த்தோம். ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது. ஆர்டர் தாமதமாகும் என்று உள்ளே அனுப்பினார்கள்.

"வேறு தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. எப்போது? காலை எட்டரைக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வருகிறவள் எப்போது கற்றுக்கொள்வாள்? கற்கிற நாளுக்குச் சம்பளம் யார் தருவது?

*

கோபத்தை மட்டும் கொட்டிவிட்டுப் போனால் நானும் யூடியூப் அண்ணன்தான். அதனால் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம் என்பது நம் நாட்டில் புதிதில்லை, சட்டத்தில் பல காலமாக இருப்பதுதான். ஆனால் ஐம்பது பேருக்குக் குறையாத கம்பெனியாக இருக்க வேண்டும், ரெஜிஸ்டரில் ஒரு வருடத் தொடர் வேலை இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் கம்பெனி ரெஜிஸ்டரில் இல்லை, கான்ட்ராக்டரின் நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை அவள் லே-ஆஃப் செய்யப்படவே இல்லை. போன் வரவில்லை, அவ்வளவுதான்.

கட்டடத் தொழிலாளிக்கும் நிலையான முதலாளி கிடையாது. இன்று இந்த மேஸ்திரி, நாளை வேறு மேஸ்திரி. அதற்காக 1996-இல் சட்டம் கொண்டுவந்து, கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தை செஸ் ஆகப் பிடித்து நலவாரியத்தில் சேர்க்கிறார்கள். யாரிடம் வேலை பார்த்தாலும் வாரிய அட்டை அவர் கையில் இருக்கும். வாரியத்தில் ஆயிரம் குறைகள் உண்டு, ஆனால் யோசனை சரியானது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பீஸிலும் அப்படி ஒரு பங்கைப் பிடிக்கட்டும். பாதியை வாங்குகிற பிராண்டு தரட்டும். ஆர்டர் நின்ற வாரத்துக்குப் பாதிச் சம்பளமும், மெஷின் சும்மா கிடக்கும் அந்த நாட்களில் இரண்டாவது தையலைக் கற்கும் உரிமையும் அதிலிருந்து வரட்டும். ஓவர்லாக் தெரிந்தவள் கட்டிங் படிக்கட்டும், பேட்டர்ன் படிக்கட்டும்.

பிராண்டு ஒத்துக்கொள்ளாது என்பீர்கள். ராணா பிளாசாவுக்குப் பிறகு 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கட்டட, தீ பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2022-இல் பெண்கள் தலைமையிலான ஒரு தமிழ்நாட்டு ஜவுளித் தொழிற்சங்கம், ஓர் உலக பிராண்டையும் அதற்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனியையும் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் உட்கார வைத்தது. பாலியல் தொந்தரவைத் தடுக்காவிட்டால் வியாபாரமே பாதிக்கும் என்று எழுதி வாங்கினார்கள். ஆளைத் தொடாதே என்று எழுதி வாங்க முடியும் என்றால், ஆர்டரைப் பாதியில் கைவிட்டால் பணத்தை வை என்றும் எழுதி வாங்க முடியும். 2020-இல் கொரோனா வந்தபோது வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர்களை ரத்து செய்தார்கள், நிறுத்தி வைத்தார்கள். தைத்து முடித்த சரக்கும் அதில் இருந்தது. எழுதி வாங்காததன் விலை அது.

இதெல்லாம் வர்த்தகத்துக்கு எதிரி என்று பயப்பட வேண்டாம். டானி ரோட்ரிக் 1998-இல் எழுதிய ஒரு கட்டுரையில், வெளி வர்த்தகத்துக்கு அதிகமாகத் திறந்துகொண்ட நாடுகளில் அரசின் செலவும் பெரிதாக இருப்பதைக் காட்டினார். வெளியிலிருந்து வரும் அடியை ஜனங்கள் தாங்க வேண்டுமே, அதற்காக. நாம் கதவை மட்டும் திறந்தோம்.

சங்கம் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது என்றும் எனக்குத் தெரியும். 1984-இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் சிதறிக் கிடக்கிறவர்களை அப்படி ஒன்று சேர்ப்பது லேசில்லை. பக்கத்து மெஷின் பீகார்ப் பையனுக்கும் அம்மாவுக்கும் பொது மொழிகூடக் கிடையாது, சாடையில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனாலும் போன் வராத ஏழு வாரமும் அவனுக்கும் வரவில்லை.

அக்டோபர் கடைசியில் போன் வந்தது. அம்மா டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாள். ரேட் எவ்வளவு என்று கேட்டேன். "பீசுக்குப் பத்துப் பைசா கொறச்சிருக்காங்களாம். எல்லாருக்கும் கஷ்டம்ல" என்றாள். ஏழு வாரத்துக்கு வாங்கிய கைமாற்று இன்னும் முழுசாக அடையவில்லை. அதை ஒரு தாளில் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இனி எவராவது வர்த்தகத்தால் நாட்டுக்கு எவ்வளவு லாபம் என்று கணக்கு காட்ட வந்தால், முதலில் அந்தத் தாளை எந்தப் பக்கத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்பேன்.